ஸ்டீல் வலைக் கதவு: பழைய பூனைக்கும் புதுப் பூனைக்கும் நடுவே ஆறு வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பூனைக்கென்று செய்த பொருள் இல்லை. கொசுவலைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து அளவெடுத்துச் செய்து மாட்டிக் கொடுத்த சாதாரண வலைக் கதவு. அலுமினியச் சட்டம், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, 7 அடி உயரம், இரண்டே முக்கால் அடி அகலம், ஸ்பிரிங் கீல், இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். மாட்டுகூலியோடு சேர்த்து எனக்கு 6,400 ரூபாய் ஆனது. ஹாலுக்கும் சின்ன அறைக்கும் இடையே ஏற்கெனவே மரக்கதவு இருக்கிற அதே நிலையில், ஹால் பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டியிருக்கிறேன்.

எங்கள் முல்லைக்கு 5 வயது. கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் கலந்த நாட்டுப்பூனை, வீட்டை விட்டு வெளியே போகாதவள். இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண் பூனையைக் கொண்டுவந்து நேராக ஹாலில் விட்டேன், பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு. அன்றைக்கே உருண்டு புரண்டு சண்டை. முல்லை கட்டிலுக்கு அடியில் போனவள் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. பூனை அப்படிப் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், உடனே ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. புதுப் பூனையைத் தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே நன்றாக இருக்கிறது, ஆனாலும் அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு பூனைகள் மேலும் தப்பில்லை, முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே நாளில் ஒரே அறையில் அடைத்தது நான்.

அதனால் போன டிசம்பர் மழையில் பார்க்கிங்கில் கார் அடியில் நனைந்து கத்திக்கொண்டிருந்த செம்பட்டைக் குட்டியை, கடுகு என்று பெயர் வைத்த அந்த நான்கு மாதப் பையனை, எடுத்துவந்தபோது இந்த முறை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு பண்ணினேன்.

முதல் இரண்டு வாரம் மரக்கதவு மட்டும்தான், வலைக்கு அப்போது வேலையே இல்லை. தெருவிலிருந்து வந்த குட்டிக்கு என்ன நோய் இருக்கும் என்று தெரியாது. பூனைகளுக்கு வருகிற சளிக்காய்ச்சல் தும்மலில் பரவும், வலை அதைத் தடுக்காது. பான்லூக்கோபீனியா என்கிற வைரஸ் நோய் அதைவிட மோசம், அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடுகை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, பூச்சி மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசி போட்டோம். முல்லைக்கு வருடாந்தரத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொண்டேன். குட்டியைத் தொட்டுவிட்டு முல்லையிடம் போவதற்கு முன் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் போவேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான் என்ன வலை வாங்குவது என்று அலைந்தேன். ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் வெல்க்ரோ வலையைக் கடுகு ஒரே ராத்திரியில் பிய்த்துக் கீழே தள்ளிவிட்டான், நல்லவேளை மரக்கதவு சாத்தியிருந்தது. நடுவில் காந்தம் வைத்துத் தானாக மூடிக்கொள்ளும் திரை எதிர்வீட்டில் இருந்தது, அது தள்ளினால் திறப்பதற்கென்றே செய்தது, பூனைக்குச் சரிப்படாது. கடைக்காரர் முதலில் காட்டியது ஃபைபர் வலை. விலை 2,000 ரூபாய் குறைவு, பார்க்கவும் நன்றாக இருந்தது. ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து கடுகு அறையில் கட்டித் தொங்கவிட்டேன், மூன்றாம் நாள் நகம் பட்டு நூல் நூலாகப் பிரிந்து நின்றது. அப்புறம்தான் ஸ்டீல் என்று சொன்னேன். குழந்தைகளுக்கு வைக்கிற குட்டைத் தடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நான்கு மாதக் குட்டியே ஏறித் தாண்டிவிடும்.

ஏன் வலைதான் வேண்டும், கண்ணாடிக் கதவு இருந்தால் போதாதா என்று என் தம்பி கேட்டான். போதாது. பூனைக்கு ஆளை அடையாளம் காட்டுவது வாசனைதான். கன்னத்திலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பி இருப்பதால்தான் நம் காலிலும் சோபா முனையிலும் முகத்தைத் தேய்க்கிறது, அந்த வாசனை இருக்கிற இடம் தன் இடம், அது இருக்கிறவர்கள் தன் ஆட்கள். கண்ணாடி வழியாக உருவம் தெரியும், வாசனை வராது. மரக்கதவின் கீழ் இடுக்கில் வாசனை வரும், உருவம் தெரியாது. வலையில் இரண்டும் வரும், நகம் மட்டும் போகாது. இந்தக் கதவுக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மாட்டுகிற நாளில் கவனமாக இருங்கள். சுவரில் டிரில் போடும் சத்தம் பூனைக்குத் தாங்காது. நான் கடுகைக் கூண்டில் வைத்துக் குளியலறையிலும் முல்லையைப் பெரிய படுக்கையறையிலும் அடைத்திருந்தேன், அப்படியும் முல்லை அன்று சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. இன்னொன்று, சட்டத்தைச் சுற்றி அடைக்கும் சிலிகான் பசை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். பூனைகளுக்கு அந்த நெடி ஆகவே ஆகாது. இரண்டு நாள் ஜன்னலைத் திறந்துவைத்து அது போன பிறகுதான் நான் வேலையை ஆரம்பித்தேன்.

16ஆம் நாள் வலையின் மேல் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, கீழ் மூலையை ஒரு சாண் மட்டும் தூக்கினேன். அதற்கு முன்பே இரண்டு பேரின் கன்னத்தையும் பழைய பருத்திப் புடவைத் துண்டால் துடைத்து, இவள் துணியை அவன் தட்டுக்கு அடியிலும் அவன் துணியை இவள் தட்டுக்கு அடியிலும் தினமும் வைத்திருந்தேன், அதனால் வாசனை புதிது இல்லை, உருவம்தான் புதிது. முல்லை பார்த்தாள், வாலைப் புசுபுசுவென்று ஆக்கிக்கொண்டு சீறினாள், பின்னாலேயே நகர்ந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டவில்லை, தூக்கவும் இல்லை. சீறுவது கெட்ட விஷயம் இல்லை, கிட்டே வராதே என்று சொல்கிறது, அவ்வளவுதான். கண் இமைக்காமல் உடம்பை இறுக்கிக்கொண்டு முறைப்பதுதான் கவனிக்க வேண்டியது, அப்போது நடுவில் ஒரு அட்டையை நுழைத்துப் பார்வையை மறைத்துவிடுவேன்.

அடுத்த நாளிலிருந்து வேளா வேளைக்கு வலையின் இரண்டு பக்கமும் வேகவைத்த மத்தி மீன், உப்போ மசாலாவோ இல்லாமல், முள் எடுத்து. முதலில் 6 அடி தள்ளித் தட்டு, இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் ஒரு அடி கிட்டே, முல்லை சாப்பிடாமல் நிமிர்ந்து பார்த்தால் ஒரு அடி பின்னால். 22ஆம் நாள் இரண்டு அடிக்கு வந்தோம். 27ஆம் நாள் காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது முல்லை தானாகப் போய் வலையில் மூக்கை வைத்தாள், அந்தப் பக்கம் கடுகு மூக்கை வைத்தான், மூன்று நொடி இருக்கும். காபி பொங்கி வழிந்ததைக்கூட அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். 34ஆம் நாள் கதவைத் திறந்தேன், பத்து நிமிடம் மட்டும், அதுவும் கடுகை ஒரு மணி நேரம் விளையாடவைத்துக் களைப்பாக்கிய பிறகு.

குறைகள் இருக்கின்றன. கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விட்டுவிட்டார்கள், கடுகு அதில் கையை விட்டு முல்லையின் வாலை இழுத்தான், எல்லாம் கூடிவருகிற நேரத்தில் இரண்டு நாள் பின்னால் போனோம். திரும்பக் கூப்பிட்டு ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னேன், வர நான்கு நாள் ஆனது, காசு வாங்கவில்லை. ஸ்பிரிங் கீல் டமார் என்று அடித்துச் சாத்தும், பயந்த பூனைக்கு அது பெரிய தொல்லை, சட்டத்தில் பஞ்சுத் துண்டு ஒட்டிச் சமாளித்தேன். குட்டிகள் வலையில் மேலே வரை ஏறும், நகம் மாட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை கூர்நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் படாமல், வெட்டிவிடுங்கள். வாடகை வீடு என்றால் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள், நாங்கள் கேட்டோம், காலி பண்ணும்போது துளையை அடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

ஒரே அறை உள்ள வீட்டுக்கு இது உதவாது. இரண்டு பக்கமும் தண்ணீர், தட்டு, மலத்தட்டு எல்லாம் தனித்தனியாக வைக்க இடம் வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று மலத்தட்டு நல்லது, நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எதுவும் வலைக்குப் பக்கத்தில் இல்லை.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. கட்டிப்பிடித்துத் தூங்குகிறார்களா என்றால் இல்லை. சோபாவின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருவன், நடுவில் நான். முல்லை முன்பு போலவே சாப்பிடுகிறாள், மத்தியானம் ஜன்னல் ஓரத்தில் வயிறு தெரியத் தூங்குகிறாள், எனக்கு அதுவே போதும். கதவைக் கழற்றவில்லை, நாங்கள் வெளியே போகும்போது மட்டும் சாத்துகிறோம். நீங்கள் செய்யச் சொல்வதாக இருந்தால் ஸ்டீல் வலை, அடியில் ரப்பர் பட்டை, மெதுவாகச் சாத்தும் கீல், இந்த மூன்றையும் அளவெடுக்க வருகிற அன்றே சொல்லி ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.