இபே ஏலத்தில் தனி ஆளிடம் வாங்கினால் பணம் பத்திரமா?

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் கேமரா லென்ஸ் வாங்குவது என் பைத்தியம். இப்போது யாரும் தயாரிக்காத சரக்கு என்பதால் கடைக்குப் போய்ப் பயனில்லை. இபே என்ற இணையச் சந்தையின் ஏலம்தான் கதி. விற்பவர்களும் பெரும்பாலும் வியாபாரிகள் அல்ல. அலமாரியைக் காலி செய்கிறவர்கள், அப்பா விட்டுப்போன கேமரா பையை என்ன செய்வதென்று தெரியாதவர்கள். முன்பின் தெரியாத அப்படி ஒருவருக்குப் பணம் கட்டும்போது, பணத்தைத் திருப்பித் தருவதாக இபே சொல்லும் 'மணி பேக் கேரண்டி' எதுவரை கைகொடுக்கிறது? இந்த விமர்சனம் அதைப் பற்றி மட்டும்தான். ஆப் வேகமாக ஓடுகிறதா என்பதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் தீர்ப்பு. ஏலத்தை இபேயில் எடுத்து, பணத்தையும் இபேயிலேயே கட்டியிருந்தால் கேரண்டி உருப்படியானது, நம்பி வாங்கலாம். பணம் வேறு வழியில் போயிருந்தால் அது செல்லாக் காசு.

விதி எளிது. பொருள் வரவில்லை, அல்லது வந்தது லிஸ்டிங்கில் (விற்பவர் போடும் விளம்பரப் பக்கத்தில்) சொன்னபடி இல்லை என்றால் 30 நாளுக்குள் புகார் எழுப்ப வேண்டும். வந்திருந்தால் வந்த நாளிலிருந்து கணக்கு. வராவிட்டால் கடைசியாக எதிர்பார்த்த டெலிவரி தேதியிலிருந்து. விற்றவருக்குப் பதில் சொல்ல 3 வேலை நாள். அதற்குள் முடியாவிட்டால் இபேயைத் தலையிடச் சொல்லலாம். சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில். 'ரிட்டர்ன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இது செல்லும். அந்த வரி மனம் மாறித் திருப்புகிறவர்களுக்கு. அதைப் பார்த்துவிட்டுப் புகாரே கொடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

உதாரணத்துக்கு ஒரு ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2, சோவியத் காலத்துச் சரக்கு. படத்தின் பின்னணி சுழல்வது மாதிரி வருமே, அதேதான். லிஸ்டிங்கில் 'கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை' என்று எழுதியிருந்தது. பார்சலைப் பிரித்ததும் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துவாரத்தை, முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நூல் நூலாகக் கிளை விட்டிருந்தது பூஞ்சை. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் சில போட்டோக்கள், சீரியல் எண் தெரியும்படி ஒன்று. லிஸ்டிங் போட்டோவிலும் அதே எண் இருந்ததால், 'நான் அனுப்பியது வேறு லென்ஸ்' என்ற பேச்சுக்கே இடமில்லை. புகாரில் கோபத்தைக் கொட்டவில்லை. அவர் எழுதிய வரியை அப்படியே எடுத்துப் போட்டேன், கீழே போட்டோக்கள்.

பதில் வந்தது: 'புகாரை மூடிவிடுங்கள், பாதிப் பணத்தைத் தனியாக அனுப்பிவிடுகிறேன், லென்ஸையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.' கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. பாதிப் பணம் தர நினைப்பவர் அதைப் புகாருக்குள்ளேயே தர வழி இருக்கிறது. 'அங்கேயே செய்யுங்கள்' என்று ஒரு வரி எழுதினேன். அப்புறம் ரிட்டர்ன் லேபிள் வந்தது, லென்ஸ் போனது, பணம் முழுதாகத் திரும்பியது. அந்த ஆள் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான். இந்தக் கேரண்டியில் எனக்குப் பிடித்ததும் இதுதான். விற்றவர் வேண்டுமென்றே செய்தாரா என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னதும் வந்ததும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினால் போதும்.

குறையைச் சொல்லிவிட்டு விற்றிருந்தால் மட்டும் புகார் நிற்காது. 1995-ல் பியேர் ஒமிட்யார் இந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றது ஒரு உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரியுமல்லவா என்று அவரே கேட்டாராம். தெரியும், உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். 'வேலை செய்யாதது, பாகங்களுக்கு மட்டும்' என்ற வகையில் வாங்குகிறவர் இன்றும் அதே மனநிலையில்தான் வாங்க வேண்டும். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்ற வரியும் கிட்டத்தட்ட அந்த ரகம். அப்படிப்பட்ட லிஸ்டிங் என்றால் ஏலம் கேட்கும் முன்பே இபே மெசேஜில் கேட்டுவிடுவேன்: பூஞ்சை உண்டா, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறதா, ஃபோகஸ் வளையம் இறுகியிருக்கிறதா, பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு போட்டோ தர முடியுமா. அங்கே வரும் பதிலைப் பின்னால் புகாரில் எடுத்துக் காட்டலாம். பதிலே வராவிட்டால் அந்த லென்ஸ் எனக்கு வேண்டாம்.

கேரண்டி சறுக்கும் இடம், பார்சல் எங்கே போனது என்று காட்டும் டிராக்கிங். 'டெலிவரி ஆனது' என்று காட்டிவிட்டால் விற்றவர் கை ஓங்கிவிடுகிறது. இதை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. வாங்கியவரின் ஊரிலேயே, அதே அஞ்சல் குறியீட்டில் உள்ள வேறொரு முகவரிக்கு ஒன்றுமில்லாத கவரை அனுப்புவார்கள். டிராக்கிங்கில் ஊரும் குறியீடும் சரியாகவே தெரியும். பார்சல் எந்த முகவரிக்குப் போனது, என்ன எடை என்று அஞ்சலகத்திலோ கூரியரிடமோ கேட்டு எழுதி வாங்கும் அலைச்சல் வாங்கியவருக்கு. அமெரிக்கத் தளத்தில் 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் டெலிவரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே அந்தக் கவசம் இல்லை. இதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இபேயில் பணம் கட்டும்போது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டியிருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை அங்கே தகராறு எழுப்பலாம். எழுப்பியபின் 20 நாளுக்குள் அதை 'கிளெய்ம்' ஆக மேலே அனுப்பாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், அதை மறக்கக் கூடாது. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. நான் முதலில் போவது இபேக்குத்தான். அங்கே 30 நாள் தாண்டிப்போயிருந்தால் மட்டும் பேபால். இதெல்லாம் பேபாலில் 'குட்ஸ் அண்ட் சர்வீசஸ்', அதாவது பொருளுக்கான பணம், என்று கட்டியதற்கு. 'பிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' என்று அனுப்பச் சொல்கிறவர் நமக்கு நண்பரும் இல்லை, உறவும் இல்லை. அதில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. நேரடி வங்கிப் பரிமாற்றம், கிஃப்ட் கார்டு எண் இவற்றைப் பற்றி எழுதவே வேண்டாம்.

'கமிஷன் மிச்சம், வெளியே முடித்துக்கொண்டால் உங்களுக்கும் குறைத்துத் தருகிறேன்' என்ற மெசேஜ் எனக்கும் வந்திருக்கிறது. அந்தத் தள்ளுபடிக்கு நாம் கொடுக்கும் விலை மொத்தக் கேரண்டியும். இதன் தந்திரமான வடிவம் போலி 'செகண்ட் சான்ஸ் ஆஃபர்'. ஏலத்தில் தோற்ற கையோடு, 'ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்' என்று மின்னஞ்சல் வரும். இந்த வசதி உண்மையிலேயே உண்டு. ஆனால் அசல் என்றால் இபே கணக்குக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டியிலும் வந்திருக்கும். அங்கே இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டியதுதான்.

முன்பு வாங்கியவர்கள் தரும் ஃபீட்பேக் சதவீதத்தை நான் அதிகம் நம்புவதில்லை. என்ன விற்று வாங்கிய பாராட்டு என்பதைத்தான் பார்ப்பேன். வருடக்கணக்கில் போன் கவர் விற்ற கணக்கில் திடீரென்று விலை உயர்ந்த லைக்கா கேமராக்கள் வரிசையாக வந்தால், யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருக்கலாம். அதைவிடப் பயனுள்ளது ஏல வரலாற்றுப் பக்கம். ஏலம் கேட்டவர்களின் பெயர் மறைத்துக் காட்டப்பட்டாலும், ஒவ்வொருவரும் கடந்த 30 நாளில் கேட்ட ஏலங்களில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம் என்பது அங்கே தெரியும். ஃபீட்பேக்கே இல்லாத ஒரு கணக்கு, 100 சதவீதமும் இவரிடமே கேட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தால் அது விற்பவரின் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஏலத்திலிருந்து நான் விலகிவிடுவேன், லென்ஸ் எவ்வளவு ஆசையைத் தூண்டினாலும் சரி.

கார், பைக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாகனங்கள் இந்தக் கேரண்டிக்குள் வராது. அங்கே எஸ்க்ரோ சேவை ஒரு வழி. பணத்தை நடுவர் வாங்கி வைத்துக்கொள்வார்; பொருள் கைக்கு வந்து, பார்த்துத் திருப்தி என்று நாம் சொன்னபிறகுதான் விற்றவருக்குப் போகும். 1999-ல் தொடங்கிய எஸ்க்ரோ.காம் இதில் பழைய பெயர். அதே தோற்றத்தில் போலித் தளம் கட்டி, விற்பவரே அதன் லிங்க்கை அனுப்பும் ஏமாற்றும் நடக்கிறது. அதனால் எந்தச் சேவை என்பதை நான்தான் சொல்வேன், முகவரியையும் நானே டைப் செய்வேன். அதற்கு முகம் சுளிக்கும் ஆளிடம் கார் இருக்கட்டும், லென்ஸ் மூடிகூட வாங்க மாட்டேன்.