கேன்டீன் சாப்பாடு: தனித் தட்டா, மாற்றுப் பண்டமா, பொதுச் சமையலா?

ஐந்நூறு பேர் சாப்பிடும் ஹாஸ்டல் மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர் இருப்பார். வெங்காயம், பூண்டு தொடாத ஜெயின், ஹலால் பார்ப்பவர், பால் ஒத்துக்கொள்ளாதவர், வேர்க்கடலை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிறவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

இவர்களுக்குச் சமைக்க முதல் வழி, விமானங்களில் நடப்பது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவரவர் பெயருக்குத் தனித் தட்டு வந்துவிடும். குழப்பம் குறைவு, செலவு அதிகம். தினசரி மெஸ்ஸில் இதை எல்லோருக்கும் செய்யச் சொன்னால் சமையல் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவார்.

அடுத்தது மாற்றுப் பண்டம். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். நடத்துவதற்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, வாழைப்பழத்தில் ஏறக்குறைய 1 கிராம்தான். பிள்ளையின் வழக்கத்தை மதித்தாயிற்று, சத்து மட்டும் விட்டுப்போயிற்று. பழத்தோடு ஒரு கரண்டி கொண்டைக்கடலைச் சுண்டலும் வைத்தால் பாதிக்குமேல் சரியாகிவிடும்.

மூன்றாவது, எல்லோருக்கும் பொதுவாகச் சமைப்பது. சீக்கியர் கோயிலான குருத்வாராவில் எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாடான லங்கரில் யார் வந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்காகவே சைவம் மட்டும். மத வழக்கம் சார்ந்த சிக்கல் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடுகிறது. உடம்பு சார்ந்த சிக்கல் முடிவதில்லை. ரொட்டி கோதுமை, கீர் பாலும் சர்க்கரையும்.

இந்த மூன்றாவது வழிக்கு நம் ஊர்ச் சமையல் நன்றாகவே வளைந்துகொடுக்கும், கொஞ்சம் பிரித்து வைத்தால் போதும். இட்லியில் அரிசியும் உளுந்தும்தான்; பால், முட்டை, கோதுமை எதுவும் கிடையாது. நெய், பொடி, சட்னி எல்லாம் வெளியே இருப்பதால் வேண்டியதை வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். வெண்பொங்கல் அப்படியில்லை, நெய்யும் முந்திரியும் உள்ளேயே கலந்துவிடும். சாம்பாரை முருங்கைக்காயும் பூசணியும் போட்டு இறக்கிவிட்டு, சின்ன வெங்காயத்தைத் தனியாக வதக்கி வைத்தால் ஜெயினுக்கும் ஆயிற்று, மற்றவர்களுக்கும் ஆயிற்று. ஒரு இடத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள்: கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாதவருக்கு இட்லி சரி, சாம்பார் ஆகாது. டப்பாவைத் திருப்பிப் படித்து, அரிசி மாவு சேர்த்ததை வாங்க வேண்டும். சர்க்கரைக்காரருக்குத் தனிச் சமையல் தேவையே இல்லை. சாதத்தைக் குறைத்துப் பொரியலையும் சுண்டலையும் கூட்டினால் போதும், பரிமாறுகிறவர் முகம் சுளிக்காமல் இருந்தால்.

என் ஓட்டு பொதுச் சமையலுக்குத்தான். ஆனால் கடும் அலர்ஜி, சீலியாக் (குளூட்டன் பட்டால் குடல் கெடும் நோய்), கிட்னிக் கோளாறு ஆகிய மூன்றுக்கும் அது போதாது. வேர்க்கடலைச் சட்னியில் கிடந்த கரண்டி தேங்காய்ச் சட்னிக்குள் போனாலே ஆபத்து. கிட்னிக்காரருக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டியிருக்கும், உப்பும் அளவோடு. கொதித்து இறங்கிய சாம்பாரிலிருந்து உப்பைப் பிரிக்கவா முடியும்? இந்தச் சிலருக்கு மட்டும் விமான வழி: முன்கூட்டியே பெயர், தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அதையும் விடிகாலையில் முதல் வேலையாகச் சமைத்து மூடிவிட வேண்டும். மாவு பிசைவது, கடலை வறுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.