முகமூடி மல்யுத்த வெப்காமிக்ஸுக்குக் கிரிட்டா: படம் வரையலாம், தமிழ் எழுத்துக்கு வேறு இடம் பாருங்கள்

மெக்சிகோவின் லூச்சா லீப்ரே என்ற முகமூடி மல்யுத்த வீரர்களை வைத்துத் தமிழில் ஒரு வெப்காமிக்ஸ் தொடங்க, லேப்டாப்பும் சுமாரான ஒரு பென் டேப்லெட்டும் இருந்தால் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் போதும். ஆனால் பலூனுக்குள் தமிழ் வசனம் எழுதும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்டாதீர்கள்; அதற்கு இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு இலவச வரைகலை மென்பொருள் இருக்கிறது. இந்த மதிப்பீடு கிரிட்டாவின் 5.2 வரிசைக்கு, 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கு. அதிகாரபூர்வத் தளத்தில் இலவசம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலை போட்டிருப்பார்கள். மென்பொருள் அதேதான், பணம் அதை உருவாக்குபவர்களுக்குப் போகிறது.

எந்தக் கதைக்கும் பொருந்துகிற மென்பொருள் மதிப்பீடு வலையில் நிறையக் கிடைக்கும். முகமூடி மல்யுத்தம் வரைகிறவருக்கு உள்ள சிக்கலே தனி. ஒரு எபிசோடில் 35 பேனல் என்றால், நாயகனின் முகமூடி ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும்: பக்கவாட்டில், தலைகீழாக, எதிராளியின் அக்குளுக்குள் நசுங்கியபடி. கண்ணைச் சுற்றிய தீச்சுடர் வடிவத்தில் மூன்று நாக்கு இருந்தால் எல்லாப் பேனலிலும் மூன்றுதான் இருக்க வேண்டும். லூச்சாவில் முகமூடி வெறும் உடுப்பு அல்ல. எதிராளியின் முகமூடியை இழுத்துக் கழற்றினால் ஆட்டத்திலிருந்து நீக்கம். 'லூச்சா தே அபுவெஸ்தாஸ்' என்ற பந்தய ஆட்டத்தில் தோற்றவர் தானே அதைக் கழற்றி, சொந்தப் பெயரையும் ஊரையும் எத்தனை ஆண்டு ஆடினார் என்பதையும் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற வீரர் எல் சாந்தோ 1942-இல் அந்தப் பெயரில் மேடையேறியவர்; 1984 ஜனவரியில் தொலைக்காட்சியில் முகத்தைக் கொஞ்சம் காட்டினார், அடுத்த மாதம் இறந்தார், முகமூடியோடே அடக்கம் செய்தார்கள். இவ்வளவு மரியாதை உள்ள ஒரு பொருளை ஏனோதானோவென்று வரைந்தால் விவரம் தெரிந்த வாசகர் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கிரிட்டா மதிப்பெண் வாங்குவது இங்கேதான். புதிய கோப்பில் கிடைமட்டக் கண்ணாடிக் கருவியை இயக்கிவிட்டு முகமூடியின் நேர்முகத் தோற்றத்தைப் பாதி வரைந்தால் மறுபாதி தானே வரும். துணி வெட்டுகள், கண் ஓட்டை, மூக்கு, வாய் எல்லாவற்றையும் தட்டையாக, நிழல் எதுவும் போடாமல் முடித்துத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு காமிக்ஸ் பக்கத்தில் 'ஃபைல் லேயர்' ஆக அதை இணைத்து, மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க் போட்டு, வார்ப் அல்லது கேஜ் முறையில் தலையின் வளைவுக்கு இழுத்துப் பொருத்துங்கள். மூலக் கோப்பில் நெற்றி நட்சத்திரத்தின் நிறத்தை மாற்றினால் இணைத்திருக்கும் எல்லாப் பக்கங்களிலும் மாறும். பத்தாவது எபிசோடில் இதன் அருமை தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஃபைல் லேயர் மூலக் கோப்பின் இடத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. ஃபோல்டரை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ தொடர்பு அறுந்துவிடும். 'முகமூடிகள்' என்ற ஃபோல்டரைத் தொடரின் முதன்மை ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, நகர்த்தினால் மொத்தமாக நகர்த்துங்கள். இன்னொன்று, இழுத்துப் பொருத்திய வடிவம் அப்படியே விட்டால் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். அதை வழிகாட்டியாக மங்கலாக்கிக்கொண்டு மேலே கையால் மை போட வேண்டும். முகம் நெருக்கமாக வரும் பேனல்களில் இதைத் தவிர்க்கவே முடியாது.

முகமூடிக்குள் புருவம் தெரியாது, நெற்றிச் சுருக்கம் தெரியாது. உணர்ச்சியெல்லாம் கண் ஓட்டையின் வடிவம், தாடை, தோள், விரல்களில்தான். நிஜத் துணியில் ஓட்டை சுருங்காது. காமிக்ஸில் கொஞ்சம் சுருக்கலாம், அதைத் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்க அளவை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். யாரும் காமிக்ஸ் ஏற்றக்கூடிய தளமான வெப்டூன் கேன்வாஸின் படத் துண்டு 800×1280 பிக்சல். அதன் மும்மடங்கான 2400×3840-இல் வரைந்தால் மூன்றில் ஒன்றாகக் குறைத்தவுடன் ஒரு பக்கம் ஒரு துண்டாக உட்கார்ந்துவிடும். பின்னாளில் ஏ4 அகலத்துக்கு அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 290 பிக்சல் கிடைக்கும். 8-பிட் ஆர்ஜிபி-யில் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் ஏறத்தாழ 37 எம்பி ரேம் எடுக்கும். 15 லேயர் என்றாலும் ஏறத்தாழ 550 எம்பி-தான். 16-பிட் தேர்ந்தெடுத்தால் இது இரட்டிப்பாகும், திரையில் படிக்கும் காமிக்ஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எபிசோடு முழுவதையும் ஒரே நீள கேன்வாஸில் வரைவது சிலரின் பழக்கம். 8 ஜிபி இயந்திரத்தில் அது வேண்டாத வம்பு. மேல் கயிற்றிலிருந்து எதிராளி மேல் பாயும் காட்சிக்கு மட்டும் 2400×7680 என்று இரட்டைப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். 800 அகலத்துக்குக் குறைத்த பின் 'இமேஜ் ஸ்ப்ளிட்'டில் கிடைமட்டக் கோடு 1 என்று கொடுத்தால் சரிபாதியாக வெட்டித் தரும். வெட்டு விழும் உயரத்தில் முகமோ பலூனோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணையம் மெதுவாக இருக்கும் போனில் கீழ்ப்பாதி தாமதமாக வரும்.

மை போட 'இங்க்-3 ஜிபென்' தூரிகையும், டூல் ஆப்ஷன்ஸில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரும். நீண்ட தசை வளைவுக்கு ஸ்டெபிலைசர் நல்லது. பூட்ஸ் கயிறு, விரல் போன்ற சிறு கோடுகளுக்கு 'பேசிக்'குக்கு மாற்றாவிட்டால் கோடு கைக்குப் பின்னாலேயே இழுபடும். நிறம் நிரப்பும்போது ஃபில் கருவியில் 'குரோ' அளவை 2 பிக்சல் வைத்தால் கோட்டோரம் வெள்ளை விளிம்பு நிற்காது.

ஃபோட்டோஷாப்பிலிருந்து வருபவர்கள் எல்லோரும் இடறும் இடம், வரைவதைக் கீழே உள்ள வடிவத்துக்குள் அடக்கும் 'இன்ஹெரிட் ஆல்ஃபா'. அது கீழே உள்ள ஒரு லேயருக்குள் மட்டும் அடங்காது. அதே குழுவில் கீழே உள்ள எல்லா லேயருக்கும் சேர்த்துத்தான் அடங்கும். பின்னணி லேயர் அதே மட்டத்தில் இருந்தால் நிழல் மேடை முழுக்கப் பரவும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி அழுத்தினால் கிளிப்பிங் குழு தயாராகக் கிடைக்கும், அதற்குள் வேலை செய்யுங்கள்.

மேடைக்கு அசிஸ்டென்ட் கருவி. இரண்டு வேனிஷிங் பாயின்ட் (கோடுகள் தொலைவில் போய்க் கூடும் புள்ளி) வைத்து, தூரிகையின் ஆப்ஷனில் 'ஸ்னாப் டு அசிஸ்டென்ட்ஸ்' டிக் செய்தால் மூன்று கயிறும் தளமும் நேராக விழும். கதை ஏஏஏ என்ற மெக்சிகோ மல்யுத்த நிறுவனத்தின் பாணியில் நடப்பதாக இருந்தால் கொஞ்சம் கவனம்: 1992-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பல ஆண்டுகள் அறுகோண மேடையைப் பயன்படுத்தியது, அதற்கு இரண்டு புள்ளி போதாது. 1933-இல் பிறந்து இன்று சிஎம்எல்எல் ஆக இருக்கும் பழைய நிறுவனத்தின் நாற்கர மேடையே வரைபவருக்கு நிம்மதி. பார்வையாளர் கூட்டத்தை, டபிள்யூ விசை அழுத்தினால் வரும், ஓரங்கள் ஒன்றோடொன்று இணையும் சுற்று முறையில் ஒரு தடவை திட்டாக வரைந்து வைத்தால் அரங்கம் முழுக்க ஒட்டிக்கொண்டே போகலாம்.

பழைய மெக்சிகோ சுவரொட்டி வாடை வேண்டும் என்று எல்லோரும் ஸ்கிரீன்டோன் புள்ளிக்கு ஆசைப்படுகிறார்கள். கிரிட்டாவின் ஃபில் லேயரிலேயே அது இருக்கிறது. 2400 அகலத்தில் பொடிப் புள்ளியாகப் போட்டு 800-க்குச் சுருக்கினால் புள்ளிகள் கலங்கி அலை அலையாகக் கோலம் போடும். அதைப் பிறகு சரி செய்ய வழியில்லை. புள்ளி லேயரைத் தனியாக வைத்து, குறைத்த பிறகு 800 அளவிலேயே இடுங்கள். அச்சுக்கு வேறாக இட வேண்டும்.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்ற கட்டண மென்பொருளோடு ஒப்பிடாமல் முடியாது. இரண்டு உடல்கள் பின்னிக்கொள்ளும் பிடிகளுக்கு அதன் முப்பரிமாணப் பொம்மைகள் பெரிய உதவி. கிரிட்டாவில் அது இல்லை. பேனல் சட்டத்தை இடைவெளியோடு வெட்டும் வசதியிலும் கிளிப் முந்துகிறது. 5.2-இல் வெக்டர் லேயரில் செவ்வகம் போட்டு நாமே அடுக்க வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு எபிசோடு என்று வாக்குக் கொடுப்பவர், அதிலும் ஆட்டக் காட்சியே பெரும்பகுதி என்றால், கிளிப்புக்குப் பணம் கொடுப்பது நியாயம். மாதம் இரண்டு என்றால் கிரிட்டாவின் ரெஃபரன்ஸ் இமேஜ் கருவியில் பிடிகளின் படங்களைக் கேன்வாஸ் ஓரத்தில் குத்தி வைத்துச் சமாளிக்கலாம்.

இனி எழுத்து. 5.2-இல் எழுத்து இயந்திரம் புதிதாகி, கொம்பும் காலும் சரியான இடத்தில் வருகின்றன. ஆனால் வசனம் அடிப்பது இன்னமும் தனி ஜன்னலில். பலூன் வடிவத்துக்குள் வரி தானாக மடிய அங்கே பொத்தான் கிடையாது, ஒவ்வொரு வரியையும் என்டர் தட்டி உடைக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் முதலிலிருந்து. 'தோற்கடித்துவிடுவேனென்று' என்று ஒரே சொல்லாக நீளும் மொழியில் இது உதவாது. உடன் வரும் பலூன் வடிவங்களும் தமிழுக்குக் குறுகல். அகலமாக இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே படத்தைப் பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்து, இங்க்ஸ்கேப்பில் 2400×3840 பக்கத்தில் உள்ளே கொண்டுவாருங்கள். 'எம்பெட்' வேண்டாம், 'லிங்க்' தேர்ந்தெடுங்கள். படத்தைத் திருத்தி மறுபடி ஏற்றுமதி செய்தால் இங்கேயும் புதுப்படமே வரும். படம் பக்கத்தை நிறைக்காமல் குட்டியாக வந்து விழுந்தால் காரணம் கோப்பில் எழுதியிருக்கும் 300 டிபிஐ. இறக்கும்போது கோப்பின் அளவை விட்டுவிட்டு 96 டிபிஐ தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

எழுத்தளவுக்குக் கணக்கு உண்டு. 800 பிக்சல் படம் போனில் பாதி அகலத்துக்குச் சுருங்கித் தெரியும். மின்சார ரயிலில் நின்றுகொண்டு படிப்பவருக்கும் கண் உறுத்தாமல் இருக்க 800-இல் 28 முதல் 30 பிக்சல், அதாவது 2400 பக்கத்தில் 84 முதல் 90. வரி இடைவெளி 1.35 வையுங்கள், மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடிக்கக் கூடாது. வசனத்துக்கு முக்த மலர், கத்தலுக்கும் அடி விழும் சத்தத்துக்கும் பலூ தம்பி 2. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம். போல்டு வகை இல்லாத எழுத்துருவைச் செயற்கையாகத் தடிமனாக்கினால் 'ண', 'ஞ' சுழிகள் அடைபட்டுவிடும். வசனம் தனி லேயரில் இருப்பதால் அதே பக்கத்துக்கு ஆங்கிலமோ ஸ்பானிஷோ போடுவது பிறகு எளிது.

பென் டேப்லெட்டுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் பெட்டியில் மாடல் எண்ணைப் படியுங்கள். 'ஒன் பை வேகாம்' என்ற திரையில்லாத சிறு டேப்லெட்டின் எண் சிடிஎல்-472. 'வேகாம் ஒன்' என்ற பெயரில் திரையுள்ளதும் உண்டு, விலை எங்கோ இருக்கும். 472-இல் 152×95 மில்லிமீட்டர் வரையும் பரப்பும் 2048 அழுத்த நிலைகளும்; தொடக்கத்துக்குத் தாராளம். திரையுள்ள டேப்லெட் வாங்கினால் இரண்டு விரல் கையுறையும் சேர்த்து வாங்குங்கள். மே மாதத்துச் சென்னையில் வியர்த்த உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகராது. வீட்டில் பொருத்தியதும் கோடு ஒரே தடிமனாக விழுந்தால் பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்: கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் மற்றதுக்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறங்கள். டிரைவரில் உள்ள 'விண்டோஸ் இங்க்' டிக்கும் அதோடு ஒத்திருக்க வேண்டும்.

மேசைக் கணினியும் யுபிஎஸ் இல்லாத வீடும் என்றால் ஆட்டோசேவை 5 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். மை முடிந்ததும் ஒரு முறை, நிறம் முடிந்ததும் ஒரு முறை கன்ட்ரோல்+ஆல்ட்+எஸ் அழுத்தினால் எண் போட்ட புதுப்பிரதி சேமிக்கப்படும். அளவைக் குறைத்த பிறகு பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் நிரந்தரச் சோகம்.

வெளியிடும் இடம். வெப்டூன் கேன்வாஸில் ஸ்பானிஷ் உண்டு, தமிழ் கிடையாது. எனவே தமிழ்ப் பதிப்புக்கு வேர்ட்பிரஸில் சொந்தத் தளம், இன்ஸ்டாகிராமில் 1080×1350 அளவில் சில பேனல்கள் விளம்பரமாக. ஸ்பானிஷ் பதிப்பு போடுவதாக இருந்தால் மெக்சிகோ பேச்சு அறிந்த ஒருவரிடம் வசனத்தைக் காட்டிவிட்டுக் கேன்வாஸில் ஏற்றுங்கள். பிரபல வீரர்களின் பெயரையோ முகமூடி வடிவத்தையோ எடுக்காதீர்கள். வணிகச் சின்னப் பதிவு பல குடும்பங்களின் கையில் இருக்கிறது. தொடக்க நாளில் மூன்று எபிசோடு ஒன்றாக ஏற்ற வேண்டும், இன்னும் நான்கு கையிருப்பில் இருக்க வேண்டும். ஒரே எபிசோடைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வாசகர் குறைவு.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குத் தொகுப்பு போடும் எண்ணம் இருந்தால், முகமூடி நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே கன்ட்ரோல்+ஒய் அழுத்தி அச்சில் எப்படி வரும் என்று பாருங்கள். பளீர் ரோஸும் கிளிப்பச்சையும் நான்கு நிற அச்சில் மங்கி, ரூடோ எனும் வில்லனும் டெக்னிக்கோ எனும் நல்லவனும் ஒரே கூட்டணி மாதிரி தெரிவார்கள்.