தமிழ்நாட்டு வக்கீல் பெங்களூருக்குப் போனால்: பதிவை மாற்றுவதா, இங்கேயே வைத்திருப்பதா?

கல்யாணம், துணைவரின் வேலை மாற்றம், வயதான பெற்றோர் என்று வக்கீல்கள் மாநிலம் மாறப் பல காரணங்கள் உண்டு. மாறுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வீட்டு முகவரியை மாற்றுகிறார்கள், அடுத்து பார் கவுன்சில் பதிவையும் மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். மாறிய உடனே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கமாக எந்த மாநிலத்தில் தொழில் செய்கிறீர்களோ அந்த மாநில ரோலில் (பார் கவுன்சில் வைத்திருக்கும் வக்கீல்கள் பட்டியலில்) பெயர் இருக்க வேண்டும், அங்கே தொழில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம் என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. தினமும் எந்த நீதிமன்றத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

வழிகள் மூன்று. பழைய பதிவிலேயே இருந்துகொண்டு புது மாநிலத்தில் தொழில் செய்யலாம். பதிவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யலாம். புதுச்சேரிக்கோ காரைக்காலுக்கோ போகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் நம் பார் கவுன்சில் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து இயங்குகிறது.

பழைய பதிவிலேயே இருப்பது

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த மாநில ரோலில் பெயர் இருந்தாலும் நாடு முழுவதும் நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் தொழில் செய்யும் உரிமையை அது தருகிறது. அதனால் எம்எஸ் என்று தொடங்கும் உங்கள் பதிவு எண்ணோடு பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் வக்காலத்து போடலாம். செலவில்லை, காத்திருப்பு இல்லை, சென்னையில் நடக்கும் வழக்குகளுக்கும் பாதிப்பில்லை.

சிக்கல் உயர்நீதிமன்றத்தில்தான் வரும். 34-ஆவது பிரிவு ஒவ்வொரு உயர்நீதிமன்றமும் தனக்கென விதி வகுத்துக்கொள்ள இடம் தருகிறது. வெளிமாநில ரோலில் இருப்பவர் உள்ளூர் வக்கீலோடு சேர்ந்துதான் வக்காலத்து தாக்கல் செய்ய வேண்டும் என்ற அலகாபாத் உயர்நீதிமன்ற விதியை, ஜம்ஷெட் அன்சாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் செல்லும் என்றது. ஆகவே நீங்கள் போகும் உயர்நீதிமன்றத்தின் விதியை முதல் வக்காலத்துக்கு முன்பே எடுத்துப் படியுங்கள். ஜாயின்ட் வக்காலத்து தேவைப்பட்டால் நோட்டீஸ் யாருக்குப் போகும், ஃபீஸ் எப்படிப் பிரியும், கட்சிக்காரரிடம் யார் பேசுவது என்பதை உள்ளூர் வக்கீலோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அப்படி முடிக்காமல் விட்ட வழக்குகளில், ஒருவர் வருவார் என்று மற்றவர் நம்பிக்கொண்டிருக்க, வழக்கு டிஸ்மிஸ் ஆகிவிடும்.

இன்னொரு நஷ்டம் மெதுவாகத் தெரியவரும். வக்காலத்தில் ஒட்டும் வக்கீல் நல நிதி ஸ்டாம்ப் அந்த மாநில நிதிக்குப் போகிறது. ஆனால் நிதியின் உறுப்பினர் உரிமை ரோலைப் பொறுத்தது. மாநில பார் கவுன்சில் தேர்தலில் ஓட்டும் ரோல் எங்கே இருக்கிறதோ அங்கேதான். பெங்களூரில் உழைத்தாலும் பதிவு மாறும்வரை உங்கள் ஓட்டு சென்னையில்தான் இருக்கும்.

கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், கடன் வசூல் தீர்ப்பாயம், வருமான வரித் தீர்ப்பாயம் ஆகியவற்றில் மட்டும் அவ்வப்போது வந்து நிற்பவருக்கு இந்த முதல் வழியே போதும். சட்டம் நாடு முழுக்க ஒன்று, வாதம் ஆங்கிலத்தில்.

பதிவை மாற்றுவது

18-ஆவது பிரிவின்படி விண்ணப்பம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கர்நாடக பார் கவுன்சிலுக்கு நேரடியாக அனுப்பினால் வேலை நடக்காது. முதல் படி சென்னையில்: பாக்கிகளைக் கட்டி முடித்து, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சான்றும், மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசியும் வாங்க வேண்டும். பிறகு பதிவுச் சான்று, பட்டம், அகில இந்திய பார் தேர்வுச் சான்று (2009-10 கல்வியாண்டு முதல் படிப்பை முடித்தவர்களுக்கு), மாறுவதற்கான காரணம், அதற்கான ஆதாரம். துணைவரின் பணி மாற்ற உத்தரவோ வாடகை ஒப்பந்தமோ இணைப்பது நல்லது. விண்ணப்பம் நேர்மையான காரணத்துக்காகப் போடப்படவில்லை என்று தோன்றினால் நிராகரிக்க அந்தப் பிரிவிலேயே இடம் இருக்கிறது.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் சீனியாரிட்டி. பழைய ரோலில் இருந்த அதே சீனியாரிட்டி புது ரோலிலும் தொடரும் என்று 18(2) தெளிவாகச் சொல்கிறது. கட்டணமின்றி மாற்ற வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனாலும் என்ஓசி, பரிசீலனை என்ற பெயர்களில் பணம் கேட்கிறார்கள். கட்டினால் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

எங்கே மாட்டிக்கொள்கிறது? தமிழர்களுக்கு அடிக்கடி இனிஷியலில். பட்டத்தில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா', பதிவுச் சான்றில் 'முருகன் எஸ்.' என்று இருந்தால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்வார்கள். ஒரே நபர் என்ற அஃபிடவிட்டை முதலிலேயே சேர்த்து அனுப்புங்கள். பட்டச் சரிபார்ப்பு முடியாமல் கிடந்தாலும் கோப்பு நகராது. கோபத்தில் ஒரு கட்சிக்காரர் கொடுத்த புகார் ஒழுங்கு நடவடிக்கையாகி நிலுவையில் நின்றால், அது முடியும்வரை மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தீர்மானம் ஆகி இரு கவுன்சில்களுக்கும் தகவல் போகும்வரை நீங்கள் தமிழ்நாட்டு ரோலில்தான். அதுவரை எம்எஸ் எண்ணிலேயே கையெழுத்திடுங்கள். கேஏஆர் என்று தொடங்கும் புது எண் வந்ததும் ஈ-ஃபைலிங் கணக்கு, லெட்டர்ஹெட், சங்க உறுப்பினர் பதிவு எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். சென்னையில் நிலுவையிலுள்ள வழக்குகள் பழைய எண்ணிலேயே இருப்பதால் அந்தந்த நீதிமன்றத்தில் மெமோ கொடுத்துத் திருத்துங்கள்.

புதிதாகப் பதிவு செய்வது

கௌரவ் குமார் வழக்கில் 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணத்தைப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று சட்டம் சொன்ன அளவிலேயே நிறுத்தியது. அதன் பிறகு இந்த வழி மலிவாகத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம். பழைய சீனியாரிட்டி போய்விடும். பழையதை நீக்காமல் இரண்டிலும் இருந்தால், ஒருவர் ஒரே மாநில ரோலில்தான் இருக்கலாம் என்ற 17(4)-ஐ மீறியதாகும், பதிவுக்கே ஆபத்து. பதிவு செய்து சில மாதமே ஆனவருக்கும் மாற்றமே சரி.

எந்த வழியில் போனாலும் தப்பாதவை

ரோல் மாறியதால் உள்ளூர்ச் சட்டம் வசப்படாது. இங்கே பட்டா, சிட்டா, அடங்கல் பார்த்துப் பழகியவர் அங்கே பஹணியையும் (நில, பயிர்ப் பதிவேடு) காத்தாவையும் (சொத்து வரிப் பதிவு) படிக்கக் கற்க வேண்டும். தமிழ்நாட்டின் 1955 கோர்ட் ஃபீஸ் சட்டத்தில் பண வழக்குக்கு 3 சதவீதம் என்று கணக்கிட்டு வந்தவர், கர்நாடகத்தின் 1958 சட்டத்தின் படிநிலை அட்டவணையைப் பார்க்காமல் பிராது போட்டால் ஃபீஸ் குறைவு என்று திரும்பிவிடும். தாலுகா கோர்ட்டில் சாட்சியம் கன்னடத்தில் ஓடும். குறுக்கு விசாரணை உங்கள் பலமென்றால், மொழி பிடிபடும்வரை உள்ளூர் சீனியர் ஒருவரோடு சேர்ந்து நிற்பதே கட்சிக்காரருக்கு நல்லது.

என் தீர்ப்பு இது. உயர்நீதிமன்றமே உங்கள் களம், அங்கேயே தங்கப்போகிறீர்கள் என்றால் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே மாற்ற விண்ணப்பியுங்கள். உங்கள் வழக்கமான தொழில் சென்னையிலேயே தொடர்ந்தால் மாற்ற வேண்டாம். கம்பெனியின் சட்டப் பிரிவில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்பவர் இரண்டையும் விட்டு, பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை சஸ்பெண்ட் செய்ய வேண்டும்.

கிளம்புமுன் இரண்டு வேலைகள். சிவில் நடைமுறைச் சட்டம் 3-ஆவது ஆணை, 4-ஆவது விதிப்படி, நீதிமன்ற அனுமதியோடு விலகும்வரை வக்காலத்து உயிரோடு இருக்கும். கட்சிக்காரருக்கு முன்கூட்டியே தெரிவித்து, உழைக்காத ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து, மெமோ போட்டு விலகுங்கள். அடுத்தது, சிவில் நீதிபதி தேர்வு எழுதும் எண்ணமிருந்தால் இங்கே செய்த பிராக்டிஸுக்குச் சான்று வாங்குங்கள். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்றது. அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தரலாம், அல்லது பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் தந்து அந்த அதிகாரி மேலொப்பமிடலாம். அதிகாரி மாறுதலாகிப் போவதற்குள், உங்கள் பெயர் பதிவான உத்தரவுகளின் நகல்களோடு போய் அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.