350 ரூபாய் ஈரப்பத மீட்டர்: ஜன்னல் வேர்க்கிற வீட்டுக்கு உதவுமா?

கடலூர் மாதிரி கடலோர ஊரில் ராத்திரி ஏசி போட்டுப் படுக்கிற வீடு என்றால், இந்தச் சின்ன மீட்டரை யோசிக்காமல் வாங்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை டப்பா. மேலே வெப்பநிலை, கீழே ஈரப்பதம். ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் ஒன்று போதும்.

நான் இதை வாங்கியது படுக்கையறை ஜன்னலுக்காக. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். கடல் காற்று நேராக வந்து மோதும். கோடையில் விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து, அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் பெயின்ட் உப்பி உதிர ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி வேலை செய்கிற ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி இரட்டைக் கண்ணாடி போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் என் மனைவி கண்ணாடியின் உள்பக்கம் விரலால் தேய்த்துக் காட்டினாள். உலர்ந்திருந்தது. ஈரம் முழுக்க வெளிப்பக்கம்தான்.

வெளிப்பக்கம் மட்டும் ஏன் நனைகிறது என்பதற்கான விடையை மீட்டர் தந்தது. ராத்திரி பால்கனியில் வைத்தேன்: 28 டிகிரி, ஈரப்பதம் 85. இந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் காற்றிலிருக்கும் நீராவி எந்த வெப்பநிலையில் தண்ணீராக மாறும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் பனிநிலை என்று படித்தோமே, அதுதான். நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுங்கள். வந்ததை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். ஈரப்பதம் ஐம்பதுக்கு மேல் இருக்கும்போது இந்தத் தோராயக் கணக்கு நன்றாகவே பொருந்தும். எங்களுக்கு வந்தது 25. ஏசியை 22-ல் வைத்தால் கண்ணாடி அந்த 25-க்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது, வெளிக்காற்று பட்டதும் வேர்க்கிறது. ஏசியின் காற்று நேராக அடிக்கிற இடது பாதியில்தான் தண்ணீர் அதிகம் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏசியை 26-க்கு ஏற்றி, காற்று ஜன்னலில் படாமல் திருப்பி, ஃபேனையும் போட்டோம். கண்ணாடி காய்ந்துவிட்டது, கரண்ட் செலவும் குறைந்தது.

மார்கழியில் நிலைமை தலைகீழ். வெளியே 21, 22 டிகிரிக்கு இறங்கும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் படுப்போம். மழை விடாத நாளில் துணியும் உள்ளேதான் காயும். மூச்சிலிருந்தும் துணியிலிருந்தும் வரும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் மூட்டமாகப் படியும். அப்போது ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலே மீட்டரில் எண் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் கோடை ராத்திரியில் ஏசி அறையில் அதையே செய்தால் ஈரம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் அப்போது வெளிக்காற்றில்தான் நீராவி அதிகம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அம்மாவுக்கும் எனக்கும் வருஷக்கணக்காக நடந்த வாக்குவாதம் இத்தோடு தீர்ந்தது.

குறைகளும் உண்டு. இதன் எண்ணை அப்படியே நம்ப முடியாது. இந்த விலை மீட்டர்களில் சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும். வாங்கியதும் சரிபார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் பொடி உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசுபிசுப்பாக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 79 காட்டியது. அதனால் எப்போதும் நாலைக் கழித்தே பார்க்கிறேன்.

திரையில் சிரித்த முகமும் வாடின முகமும் வரும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம், நம் ஊரில் பெரும்பாலும் வாடின முகம்தான். இடம் மாற்றினால் எண் நிலைக்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விளக்கு கிடையாது, ராத்திரி செல்போன் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மழைச் சாரல் பட்டால் கெட்டுவிடும், அதனால் பால்கனியில் கூரைக்கு அடியில் மட்டும் வையுங்கள். கூடவே 100 ரூபாய் போனாலும் சரி, அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக் காட்டுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நடுராத்திரி எழுந்து பார்க்கிற வேலை மிச்சம்.