1794 டாலரா, 1804 டாலரா?

அமெரிக்காவின் ஆரம்பகால வெள்ளி நாணயங்களில் எது பெரியது என்று சேகரிப்பாளர்களிடம் கேட்டால் இரண்டு பெயர்கள்தான் வரும். ஒன்று, அந்த நாடு முதன்முதலாக அடித்த 1794 டாலர். இன்னொன்று, 'நாணயங்களின் அரசன்' என்று பட்டம் வாங்கிய 1804 டாலர்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது. 1794 டாலரில் ஏறக்குறைய 130, 140 மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. 1804 டாலர் எல்லா வகையும் சேர்ந்து இருபதைத் தொடாது. ஆனால் ஏல விலை நேர்மாறாக நிற்கிறது. 2013 ஜனவரியில் ஒரு 1794 டாலர் 1 கோடி டாலரைத் தாண்டி விலைபோனது. எந்த நாணயமும் அதற்கு முன் ஏலத்தில் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. 1804 டாலர்களிலேயே மிக அழகானதாகக் கருதப்படுவது 2021-இல் 76.8 லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. குறைவாக இருப்பது மலிவாகவும், கூடுதலாக இருப்பது விலை ஏறியும் போனது ஏன்?

முதலில் 1794. பிலடெல்ஃபியா நாணயச்சாலைக்கான சட்டம் 1792-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளி அடிக்க முடியவில்லை. தங்கம், வெள்ளியைக் கையாளும் அதிகாரிகள் ஆளுக்கு 10,000 டாலர் பிணை கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அவ்வளவு பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1794-இல் நாடாளுமன்றம் தொகையைக் குறைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அடுத்த சிக்கல் இயந்திரம். இருந்த அழுத்து இயந்திரம் சின்ன நாணயங்களுக்கானது. கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டாலரை முழுதாகப் பதிக்க அதற்கு வலு போதவில்லை. அச்சுகள் சரியாக நேர் நிற்காததால் இடது ஓரத்தில் நட்சத்திரங்களும் ஆண்டெண்ணும் மங்கலாகவே விழுந்தன. 1794 அக்டோபர் 15 அன்று தேறியவை 1,758. அதோடு அந்த ஆண்டு டாலர் வேலை முடிந்தது. பெரிய இயந்திரம் வந்தது 1795-இல்தான்.

அதனால் 1794 டாலரின் இடதுபக்கம் மங்கியிருந்தால் அதைத் தேய்மானம் என்று எண்ணி விலையைப் பேசக் கூடாது. பிறவியிலேயே அப்படித்தான். எல்லாப் பக்கமும் பளிச்சென்று எழும்பி நிற்கும் ஒன்றை யாராவது நீட்டினால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1 கோடிக்குப் போன அந்த ஒன்று விதிவிலக்கு. பதிவு அவ்வளவு நன்றாக இருக்கப் போய்த்தான், அச்சிலிருந்து முதலில் வந்ததே இதுவாக இருக்கலாம் என்று சில வல்லுநர்கள் வாதாடுகிறார்கள். நடுவில் எடையைச் சரிக்கட்டப் பதித்த சிறு வெள்ளித் துண்டு கூட அதில் உண்டு. அந்த விலை அந்த ஒரு நாணயத்துக்கு. 1794 என்ற ஆண்டுக்கு அல்ல.

அடுத்து 1804. 1804-இல் இந்த நாணயம் அடிக்கப்படவே இல்லை! அந்த ஆண்டுக் கணக்கில் 19,570 டாலர் என்று பதிவு இருக்கிறது, ஆனால் அவை பழைய அச்சுகளில் அடித்தவை. மேலே இருந்தது 1803-ஓ அதற்கு முந்தைய ஆண்டோதான். பிறகு டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 1834-இல் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசு கொண்டுபோக வேண்டியிருந்தது. பரிசுப் பெட்டியில் நாட்டின் எல்லா நாணயமும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. டாலர் கடைசியாக 1804-இல் அடிக்கப்பட்டதாக ஏடு சொல்ல, அந்த ஆண்டையே போட்டுப் புதிதாக அடித்தார்கள். இந்த முதல் வகையில் எட்டு இருக்கின்றன. பிறகு 1850-களின் கடைசியில் நாணயச்சாலை ஊழியர்களே சேகரிப்பாளர்களுக்கு விற்கத் திருட்டுத்தனமாக இன்னும் சிலவற்றை அடித்தார்கள். அதில் ஒன்றை 1857-ஆம் ஆண்டு சுவிஸ் நாணயத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். இரண்டாம் வகை என்பது அதுதான், மற்றவை மூன்றாம் வகை. பழைய உருவத்தின் தடம் இன்னும் தெரியும். அந்த நாணயம் இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதை முழுதாகத் தெளிந்தது 1962-இல், நாணய ஆய்வாளர்கள் எரிக் நியூமனும் கென்னத் பிரெசெட்டும் ஆராய்ந்து எழுதிய பிறகு. அதற்குள் நூற்றாண்டுக் கால ஏலப் புகழ் அதற்குச் சேர்ந்துவிட்டது. உண்மை வெளிவந்தும் விலை சரியவில்லை.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. 1804 டாலரின் அடிமட்ட விலையே உயரம். பின்னால் அடித்த மூன்றாம் வகைகூட 2009-இல் 23 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது. 1794-இல் ஏணி நீளம். நன்றாகத் தேய்ந்தது ஒரு லட்சம் டாலர் அளவில் கிடைக்கலாம், உச்சியில் கோடி. ஒன்றில் பெயருக்குப் பணம், மற்றதில் நிலைக்குப் பணம். எனக்கு 1794 பக்கம்தான் சாய்வு. சந்தையில் செலவழிக்க அடித்த காசு அது. அரண்மனைக்கு அடித்த பரிசுக்கு 'அரசன்' பட்டம் பொருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எண்ணிக்கை மட்டும் விலையாகாது என்பதற்கு 1802 அரை டைம் போதும். 3,060 அடித்து, நாற்பது அளவே மிஞ்சியது. 1804 டாலருக்குக் கிட்டத்தில் வந்ததில்லை. 5 சென்ட் மதிப்புள்ள அந்தச் சின்னக் காசு கண்ணாடிப் பெட்டியில் எடுபடாது, அவ்வளவுதான். மாறாக 1796, 1797 அரை டாலர் இரண்டாண்டும் சேர்ந்து 3,918. ஒரு பக்கம் ஆடை போர்த்திய தேவி, மறுபக்கம் சிறு கழுகு என்ற அந்த வடிவம் அரை டாலரில் வேறு எந்த ஆண்டிலும் இல்லை. வடிவத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்க, தேய்ந்து போனதுகூடப் பல்லாயிரம் டாலர் கேட்கும்.

சரி, கோடி இல்லாதவர்கள்? 1795 டாலரைப் பாருங்கள். விரிந்த கூந்தலோடு அதே சுதந்திர தேவி, விளிம்பில் அதே எழுத்து, அடித்தது 1,60,295. தேய்ந்த நிலையில் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் 1807 முதல் 1836 வரை அடித்த தொப்பி வைத்த தேவி அரை டாலர் இருக்கவே இருக்கிறது. சாதாரண ஆண்டுகள் சில நூறுக்குள் அடங்கும். எதை வாங்கினாலும், நாணயங்களைத் தரம் பார்த்துச் சான்றளிக்கும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனம் முத்திரையிட்ட உறையில் வாங்குங்கள், உறையின் எண்ணை அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். போலி உறைகளும் உலவுகின்றன. குடும்பப் பெட்டியில் 1804 டாலர் கிடைத்தது என்று யாராவது சொன்னால், போலி என்றே எண்ணி நகருங்கள், விலைகூடக் கேட்க வேண்டாம்.