பேட்டரி தீர்ந்த ரோபோவும் பாதுகாப்பு அலாரமும்: ஃபானுக் டிசிஎஸ், ஏபிபி சேஃப்மூவ்

தொழிற்சாலை ரோபோவின் பாதுகாப்பு அமைவைப் பற்றி அலாரம் வரும்போது, பெரும்பாலும் அந்த அமைவை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அச்சுகளின் நிலையை நினைவில் வைத்திருக்க உதவும் பேட்டரி தீர்ந்திருக்கும். கை எங்கே நிற்கிறது என்பதே உறுதியில்லாதபோது, அது தாண்டக்கூடாத எல்லைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் ஓட மறுப்பது நியாயமே. ஃபானுக், ஏபிபி என்ற ரோபோ நிறுவனங்களின் இத்தகைய கண்காணிப்பு மென்பொருள்களான டிசிஎஸ்ஸும் சேஃப்மூவும் இந்த ஒரு கோளாறைக் கையாளும் விதம் வெகுவாக வேறுபடுகிறது.

ஃபானுக்கில் முதலில் பேட்டரி தீர்ந்ததைச் சொல்லும் எஸ்ஆர்விஓ-062 அலாரம் வரும். பேட்டரியை மாற்றி, அந்த அலாரத்தை நீக்கி, மறுபடி மாஸ்டரிங் (ஒவ்வொரு அச்சின் பூஜ்ய நிலையையும் பதிவது) செய்து முடித்தபின் எஸ்ஒய்எஸ்டி-212 அலாரம் வந்து நிற்கும். மாஸ்டரிங் எண்கள் புதியவை, டிசிஎஸ் வைத்திருப்பவை பழையவை என்பது அதன் பொருள். ரோபோவைக் கையால் இயக்கும் கருவியான டீச் பெண்டன்ட்டில் டிசிஎஸ் மெனுவைத் திறந்து, ‘அப்ளை’ கொடுத்து, குறியீட்டு எண்ணை இட்டு, கன்ட்ரோலரை அணைத்துப் போட்டால் வேலை முடிந்தது. மடிக்கணினி தேவையில்லாததால் இரவு ஷிப்டில் இது பெரிய வசதி. ஆனால் ‘அப்ளை’ மாஸ்டரிங் எண்களை மட்டும் ஏற்பதில்லை. நிலுவையில் இருக்கும் எல்லா மாற்றங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. முந்தைய வாரம் யாரோ ஒரு மண்டலத்தின் (டிசிஎஸ் கண்காணிக்கும் இடப்பகுதியின்) எல்லையை நகர்த்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தாலோ, வேறொரு செல்லின் (ரோபோவும் அதன் வேலியும் அடங்கிய பணியிடத்தின்) பேக்கப் கோப்பு ஏற்றப்பட்டிருந்தாலோ, அதுவும் இதோடு நடைமுறைக்கு வந்துவிடும். ஆகவே எண்ணை இடுவதற்கு முன் பட்டியலின் நிலைப் பத்தியை ஒவ்வொரு வரியாகப் பார்த்து, மாற்றப்பட்டதாகக் காட்டும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டாக வேண்டும். குறியீட்டு எண்ணை ஆரம்பத்தில் வந்த 1111 என்றே விட்டுவைத்திருந்தால், அது பூட்டே அல்ல.

சேஃப்மூவில், பேட்டரியை மாற்றி, அச்சுகளின் முழுச் சுற்றுகளைக் கணக்கிடும் சுழற்சி எண்ணிகளைப் புதுப்பித்தபின், ஒத்திசைவு (ரோபோவின் உண்மை நிலையும் சேஃப்மூவ் அறிந்த நிலையும் பொருந்துவது) மட்டுமே போயிருக்கும். அமைவுக் கோப்பும், அது மாறவில்லை என்பதைக் காட்டும் செக்சம் எண்ணும் மாறாமல் இருக்கும். ஒத்திசைவை உறுதிசெய்யும் சுவிட்ச் பொருத்தப்படாத செல்லில், ‘சாஃப்ட்வேர்சிங்க்’ என்ற சேவை நிரலை ஓட்டி, ரோபோவை ஒத்திசைவு நிலைக்குக் கொண்டுபோய், அச்சுகளின் குறிகள் நேராக இருப்பதைக் கண்ணால் பார்த்து, ஏபிபியின் டீச் பெண்டன்ட்டான ஃப்ளெக்ஸ்பெண்டன்ட்டில் உறுதி செய்கிறோம். நிலை இழப்பும் அமைவு மாற்றமும் இப்படித் தனித்தனியாக இருப்பதால், ஒன்றைச் சரிசெய்யும் சாக்கில் இன்னொன்று உள்ளே நுழைய வழியில்லை. அந்தக் காரணத்துக்காகவே, இந்தக் கோளாறைப் பொறுத்தவரை, எனக்கு ஏபிபியின் முறை மேலானதாகப் படுகிறது. அதன் பலவீனம் மனிதக் கண்தான்: குறிகள்மேல் பெயின்ட் படிந்த பழைய ரோபோவில் ‘நேராக இருக்கிறது’ என்று ஒப்புவது வெறும் சடங்காகிவிடும். அமைவையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் ஏபிபியின் ரோபோஸ்டுடியோ மென்பொருள் உள்ள கணினியும் பாதுகாப்பு உரிமை பெற்ற பயனர் கணக்கும் வேண்டும். இவை கைவசம் இல்லாத ஆலையில் லைன் நின்றுதான் போகும்.

இரண்டிலும் அலாரம் மறைவதால் எல்லைகள் சரியாக இருப்பதாக ஆகிவிடாது. கைமுறை இயக்கத்தில், 250 மி.மீ./வினாடிக்கு மேற்படாத வேகத்தில், ஒவ்வொரு மண்டலத்தின் விளிம்பை நோக்கியும் ரோபோவை நகர்த்தி, அது எங்கே நிற்கிறது என்பதைச் செல்லின் வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும்.